மற்றப் படகுகள்

2025ஆம் ஆண்டு ஆடித் திருவாதிரையை ஒட்டிக் கங்கைகொண்ட சோழபுரத்தில் பெருவிழா ஒன்று நடைபெற்றது. முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து சென்று ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றதை அவ்விழா நினைவுகூர்ந்தது. நாளிதழ்களும் வார இதழ்களும் அந்நாள்களில் கடாரத்தைப் பற்றியே பேசின. கீழ்க்கட்டளையில் நம் பங்கின் வாசகர் வட்டமும் அந்த ஆர்வத்தில் ஒரு ஞாயிறு மாலை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை எடுத்துப் படித்தது. ஏரியையும் பேருந்து நிலையத்தையும் அடையாளமாகக் கொண்ட ஊர் நம் ஊர். கடலைக் காண வேண்டுமாயின் பேருந்து ஏறித்தான் போக வேண்டும். ஆயினும் தென்மாவட்டக் கடற்கரைகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சில நம்மிடையே உள்ளன.

அத்தகைய குடும்பம் ஒன்றில், மகன் வீட்டில் தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் அன்று வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர். இளமையில் பாய்மரத் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். அவர் தந்தையார் தோணியின் தண்டலாக இருந்தவர். மெய்க்கீர்த்தியைப் படித்து முடித்து நாம் விளக்கம் கூறிக்கொண்டிருந்தபோது அவர் மெல்லக் கேட்டார்: "கப்பல் போச்சுன்னு எழுதியிருக்கு சாமி. எத்தனை ஆளு போனாங்கன்னு எழுதலையா? எங்கப்பா முதல்ல ஆளை எண்ணுவாரு. அப்புறந்தான் நங்கூரம் எடுக்கச் சொல்லுவாரு."

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. ஆனால் அக்கேள்வி நம்மை விட்டு அகலவுமில்லை. ஒரு கப்பற்படை நெடுங்கடலில் புறப்படுவதை நம் எழுத்துகள் எவ்வாறு சொல்லி வந்திருக்கின்றன என்று திரும்பிப் பார்க்க அது நம்மைத் தூண்டியது. மன்னனின் மெய்க்கீர்த்தி, வரலாற்றுப் புதினங்கள், நம் திருச்சபையினர் எழுதிய புனிதர் வரலாறு, நம் காலத்துக் கடலோரப் புதினங்கள் ஆகிய நான்கையும் அப்பெரியவரின் ஒரே கேள்வியைக் கொண்டு உரைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

லூக்காவின் கணக்கு

உரைகல் ஒன்று வேண்டும் அன்றோ? அது நம் திருநூலிலேயே இருக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரம் பவுல் அடிகளார் கைதியாகக் கடல் வழியே உரோமைக்குப் புறப்பட்டதைக் கூறுகிறது. நூலாசிரியர் தம்மையும் பயணிகளுள் ஒருவராக வைத்து, 'நாங்கள்' என்று சொல்லி எழுதும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. செசரியாவில் ஏறிய கப்பல் அதிரமித்தியத்தைச் சேர்ந்தது என்றும், மீராவில் மாறி ஏறிய கப்பல் அலெக்சாந்திரியாவினுடையது என்றும் அவர் குறிக்கிறார். நோன்பு நாள் கடந்துவிட்டது என்று சொல்லி, பயணத்துக்குரிய பருவம் முடிந்ததை உணர்த்துகிறார். எதிர்க்காற்று, பெருங்காற்று, நீரின் ஆழம் முதலில் 20 பாகமும் பின்னர் 15 பாகமும் இருந்தமை, கப்பலின் பின்புறத்திலிருந்து இறக்கிய 4 நங்கூரங்கள், கடலில் கொட்டிய கோதுமை என ஒவ்வொன்றையும் பதிவு செய்கிறார்.

அத்தனைக்கும் நடுவே ஒரு கணக்கு வருகிறது. கப்பலில் இருந்தோர் மொத்தம் 276 பேர். இந்த எண்ணைப் பல ஆண்டுகள் நாம் கவனியாமலே வாசித்துச் சென்றிருக்கிறோம். அந்த 276 பேரில் பவுல் ஒருவர். அவருடைய நண்பர்கள், பிற கைதிகள், படைவீரர், நூற்றுவர் தலைவர் யூலியு, கப்பலோட்டி, கப்பலின் உரிமையாளர் ஆகியோரும் அதில் அடக்கம். சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்த்த மாலுமிகளும் அதில் அடக்கம். நல்லவர் இத்தனை, தீயவர் இத்தனை என்று லூக்கா பிரித்து எண்ணவில்லை. பவுலோடு பயணம் செய்யும் அனைவரையும் கடவுள் அவருக்கு அளித்துவிட்டார் என்பதே வானதூதர் தந்த வாக்கு. ஆகவே அவ்வெண் வெறும் புள்ளிவிவரம் அன்று. மீட்பின் அளவைக் காட்டும் எண் அது. இறுதியில் அனைவரும் கரை சேர்ந்தனர் என்று சொல்வதற்கு, முதலில் அனைவரும் எத்தனை பேர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து மூன்று வினாக்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். கலத்தில் இருந்தோர் யார் யார்? எந்தக் காற்றை நம்பிப் புறப்பட்டனர்? கரையில் நின்றோர் யார்? கடற்புறப்பாட்டைச் சொல்லும் எழுத்து எதுவாயினும், இம்மூன்றுக்கும் எந்த அளவு விடை தருகிறதோ அந்த அளவுக்கே அது மனிதரைப் பற்றிய எழுத்தாகும்.

கல்லில் பொறித்த புறப்பாடு

இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அரசவைத் தமிழின் சிறந்த எடுத்துக்காட்டு என்பதில் ஐயமில்லை. அவனது பத்தொன்பதாம் ஆட்சியாண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அதன் விரிவான வடிவத்தைத் தருகிறது. அலைகடலின் நடுவே கலங்கள் பல செலுத்தினான் என்ற ஒரே தொடரில் புறப்பாடு முடிந்துவிடுகிறது. அதன் பின் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதும், அவனது யானைகளும் செல்வமும் வித்தியாதர தோரணம் என்னும் வாயிலும் கைக்கொள்ளப்பட்டதும் வருகின்றன. தொடர்ந்து ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் எனப் பதின்மூன்று இடங்களின் பெயர்கள் அணிவகுக்கின்றன.

இப்பட்டியலின் அழகு அடைமொழிகளில் இருக்கிறது. ஓர் ஊருக்கு நீர்த்துறைகள், ஓர் ஊருக்கு மலைமேல் அரண், ஓர் ஊருக்கு அகழியாகச் சூழ்ந்த ஆழ்கடல், ஒரு தீவுக்குத் தேன் நிறைந்த சோலைகள் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அடையாளம் தரப்படுகிறது. தஞ்சையில் உளியைப் பிடித்தவருக்கும் அரண்மனையில் எழுத்தாணியைப் பிடித்தவருக்கும் இவ்வடையாளங்கள் எங்கிருந்து கிடைத்தன? போய் வந்தவர் வாயிலிருந்துதான் கிடைத்திருக்க வேண்டும். பெயர் அறியாத மாலுமி ஒருவன் கண்டதுதான் மன்னனின் புகழுக்கு அணியாயிற்று. கண்டவன் கல்லில் இல்லை. கலங்களின் எண்ணிக்கையும் இல்லை, படைத்தலைவரின் பெயரும் இல்லை, புறப்பட்ட துறைமுகமும் இல்லை.

காற்றைப் பற்றியும் கல்வெட்டு பேசவில்லை. ஆனால் சோழமண்டலக் கடற்கரையில் வாழ்ந்த எவரும் அதனை அறிவர். பாய்மரக் கப்பல் கிழக்கு நோக்கிச் செல்லத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். மேற்கு நோக்கி மீள வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். போக ஒரு பருவம், திரும்ப மறுபருவம். எனவே அக்கலங்களில் ஏறியவர் பல திங்கள் வீடு திரும்பியிருக்க இயலாது. அத்தனை நாள்களும் கரையில் நின்று நாளை எண்ணியவர் இருந்திருப்பர். அவர்களுக்கு மெய்க்கீர்த்தி எழுதுவார் எவரும் இலர்.

இன்னொன்றையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். அப்படையெடுப்புக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்புதான், இராசராசனின் இசைவோடு, ஸ்ரீவிசய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. நட்புக்குச் செப்பேடு, போருக்குக் கல்வெட்டு. கல்வெட்டை மட்டும் படித்துப் பெருமிதம் கொள்வோர் செப்பேட்டையும் படித்தல் நலம்.

புதினங்களின் புறப்பாடு

கல்வெட்டு விட்ட இடைவெளியை நிரப்ப நம் வரலாற்றுப் புதினங்கள் முன்வந்தன. 1963ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இராசேந்திரனையே தலைவனாகக் கொண்டது. சாண்டில்யனின் 'கடல் புறா' அடுத்த தலைமுறையில் கருணாகரத் தொண்டைமானைக் கடலுக்கு அனுப்பியது. இந்நூல்களைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் நமக்கு இல்லை. தமிழனுக்குக் கடலும் உரியது என்ற நினைவை, வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருந்த இலட்சக்கணக்கான வாசகர் உள்ளத்தில் விதைத்தவை இவைபோன்ற கதைகளே. சாண்டில்யன் மரக்கலத்தின் அமைப்பையும் கடற்போர் உத்திகளையும் விரிவாக எழுத முனைந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். குருமடத்தில் நாம் படித்த காலத்தில் இந்நூல்களின் கட்டடம் செய்த தொகுப்புகள் கைமாறிக் கைமாறி நைந்து போனதை இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

எனினும் அப்பெரியவரின் கேள்வியை இங்கும் கேட்போம். வீரமும் காதலும் பின்னிய இவ்வகைக் கதைகளில் கலம் புறப்படுவது பெரும்பாலும் ஒரு விழாவாகவே அமைகிறது. கொடி பறக்கிறது, முரசு முழங்குகிறது, தலைவன் தளத்தில் நிற்கிறான், தலைவியின் கண்கள் கலங்குகின்றன. மாலுமிகள் கூட்டமாக வருவர். கூட்டமாக வாழ்த்தொலி எழுப்புவர். போரில் கூட்டமாக மடிவர். கரையில் நிற்பவள் தலைவி ஒருத்தி மட்டுமே. பாய் இழுத்தவனின் மனைவிக்கு அங்கே இடமில்லை. கல்வெட்டு மன்னனை மட்டும் எண்ணிற்று. புதினம் மன்னனோடு ஒரு தளபதியையும் ஓர் இளவரசியையும் சேர்த்து எண்ணிற்று. கணக்கு ஒன்றிலிருந்து மூன்றாயிற்று, 276 ஆகவில்லை.

சவேரியாரின் புறப்பாடு

பிறர் எழுத்தில் குறை காண்பது எளிது. நம் வீட்டுக்குத் திரும்புவோம். புனித பிரான்சிஸ் சவேரியாரின் கடற்பயணத்தை நாம் எவ்வாறு சொல்லி வருகிறோம்? டிசம்பர் 3ஆம் நாள் திருவிழா மறையுரைகளிலும், பள்ளி நாடகங்களிலும், சிறுவர்க்கான வரலாற்று நூல்களிலும் காட்சி ஒன்றுதான். கப்பலின் முன்னே கையில் சிலுவையுடன் புனிதர் நிற்கிறார். எதிரே இருண்ட கடல். அடுத்த காட்சியில் முத்துக்குளித்துறை. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே மறையுரை ஆற்றியிருக்கிறோம். கொடி, முரசுக்குப் பதிலாகச் சிலுவை. மற்றபடி நம் முறை புதினத்தின் முறையே.

நடந்தது என்ன? 1541 ஏப்ரல் 7ஆம் நாள், அவருடைய 35ஆவது பிறந்தநாளன்று, லிஸ்பன் நகரிலிருந்து 5 கப்பல்கள் கொண்ட தொகுதி ஒன்று இந்தியா நோக்கிப் புறப்பட்டது. இந்தியாவின் புதிய ஆளுநராக நியமிக்கப்பட்டிருந்த மார்ட்டிம் அபோன்சோ டி சோசா அதற்குத் தலைவர். அவர் ஏறிய சாந்தியாகோ என்னும் கப்பலில் சவேரியாரும் ஏறினார். உடன் வந்தோர் பவுல் டி கமெரினோ, பிரான்சிஸ்கு மான்சிலாஸ் என்னும் இருவர். உடன் வர விரும்பிய சிமோன் ரொட்ரீகஸ் மன்னரின் விருப்பப்படி கரையிலேயே தங்கினார். இயேசு சபைத் தோழர்கள் இருவரும் பின்னர் இவ்வுலகில் சந்திக்கவே இல்லை. கரையில் நின்றோர் யார் என்ற வினாவுக்கு இது ஒரு விடை.

காற்றைப் பற்றிய வினாவுக்கும் விடை உண்டு. லிஸ்பனிலிருந்து மார்ச்சு மாத அளவில் கிளம்பினால்தான் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொண்டு, தென்மேற்குப் பருவக்காற்றின் கடைப்பகுதியைப் பிடித்து, செப்டம்பரில் கோவா சேர முடியும். அத்தொகுதி தாமதமாகவே கிளம்பியது. கினிக் கரையோரம் காற்றே இல்லாமல் நாற்பது நாள்கள் துன்புற்றதையும், தமக்கு இரண்டு மாதங்கள் கடல்நோய் இருந்ததையும் சவேரியாரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பருவம் தவறியமையால் மொசாம்பிக்கில் ஏறக்குறைய ஆறு மாதங்கள் தங்க நேர்ந்தது. ஓராண்டும் ஒரு மாதமும் கழித்து, 1542 மே 6ஆம் நாள் அவர் கோவாவை அடைந்தார். நம் நாடகங்களில் திரை விழுந்து எழும் அந்த ஒரு நொடிக்குள் பதின்மூன்று மாதங்கள் மறைந்துள்ளன.

அப்பதின்மூன்று மாதங்களில்தான் சவேரியார் யார் என்பது நமக்குத் தெரிகிறது. மொசாம்பிக் நோய் மிகுந்த இடம். கப்பல்களிலிருந்து இறங்கியோர் பலர் நோயுற்றனர், பலர் மாண்டனர். சவேரியாரும் தோழரும் அங்கிருந்த மருத்துவமனையில் ஏழைகளோடு தங்கினர். பவுலும் மான்சிலாசும் நோயாளரின் உடல் தேவைகளைக் கவனிக்க, சவேரியார் ஒப்புரவு அருளடையாளம் வழங்குவதிலும், நற்கருணை அளிப்பதிலும், இறப்போர் அருகில் இருப்பதிலும் ஈடுபட்டார். பின்னர் ஆளுநரோடு அவர் கோவாவுக்குப் புறப்பட வேண்டியிருந்தபோது, நோயாளரை விட்டுவிடாமல் தோழர் இருவரும் அங்கேயே தங்கினர். இவற்றையெல்லாம் அவர் தம் சபையினருக்கு எழுதியபோது எழுதுகோலில் முதன்மையாக வந்தவர்கள் அந்த நோயாளர்களே. பயணத்தின் முன்பே, ஊழியர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுமாறு அரச அதிகாரி ஒருவர் வற்புறுத்தியபோது, தம் துணியைத் தாமே துவைத்துக்கொள்வதால் தம் மதிப்புக் குறையாது என்று அவர் மறுத்ததையும் வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன.

ஆக, புனிதரின் கடிதத்தில் கப்பல் முழுவதும் மனிதர் இருக்கின்றனர். புனிதரைப் பற்றிய நம் எழுத்தில் புனிதர் மட்டும் இருக்கிறார். அவரைப் பெரியவராகக் காட்ட விரும்பி மற்றவர்களை நாம் இறக்கிவிட்டோம். அதனால் அவருடைய பெருமை எதில் இருந்ததோ அதையே இழந்தோம். நோயாளர் இல்லாத கப்பலில் சவேரியார் என்ன செய்தார் என்று நம் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்வது சற்றுக் கடினம். அக்கப்பல்கள் திருப்பயணிகளின் கப்பல்கள் அல்ல. ஓர் அரசின் படையையும் வணிகத்தையும் பீரங்கிகளையும் சுமந்தவை அவை. சவேரியார் வருமுன்பே, 1530களில், முத்துக்குளித்துறைப் பரதவர் தங்கள் துன்பத்தில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றிருந்தனர் என்பதும் நாம் அறிந்ததே. நற்செய்தி நம் கரைக்கு வந்த கலத்தில் வாளும் வந்தது. இராசேந்திரனின் கலங்கள் கொண்டுவந்த செல்வத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பும் நாம், இக்கலங்களைப் பற்றி மட்டும் வாய்மூடி இருத்தல் நீதியாகாது. சவேரியாரே வாய்மூடி இருக்கவில்லை. 1545 சனவரியில் கொச்சியிலிருந்து போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவிலுள்ள அதிகாரிகளின் பேராசையை அவர் கடுமையாகச் சாடினார். அவர் எழுதத் துணிந்ததை நாம் படிக்கவேனும் துணிய வேண்டும்.

அதே 1545இல் அவர் நம் மயிலைக்கு வந்தார். திருத்தூதர் தோமாவின் கல்லறை அருகே ஏறக்குறைய நான்கு மாதங்கள் தங்கி, மேற்கொண்டு செல்லலாமா என்று இறைவேண்டலில் தேடினார். பின்னர் இங்கிருந்தே கப்பலேறி, செப்டம்பர் இறுதியில் மலாக்கா சேர்ந்தார். இராசேந்திரனின் கலங்கள் சென்று 520 ஆண்டுகளுக்குப் பின், அதே வங்கக் கடலைக் கடந்து, அதே மலாய்க் கரையை நோக்கிய பயணம் அது. முன்னது படையாகச் சென்றது. இவர் வணிகரும் மாலுமிகளும் சென்ற கப்பலில் ஒரு பயணியாகச் சென்றார். இரண்டு பயணத்துக்கும் பாயை நிரப்பியது ஒரே காற்று. கீழ்க்கட்டளையிலிருந்து மயிலைக்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் நாம் இதை நினைப்பதுண்டு.

கரையிலிருந்து எழுந்த எழுத்து

நம் காலத்தில் வேறொரு வகை எழுத்து தோன்றியிருக்கிறது. உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு' 2004இலும் 'கொற்கை' 2009இலும் வெளிவந்தன. 'கொற்கை'க்கு 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. முதல் நூலில், கடலில் உயிருக்குப் போராடுவோரின் நாள்களும் ஆமந்துறை என்ற கற்பனையூரின் மூன்று தலைமுறைக் கதையும் மாறிமாறி வருகின்றன. இரண்டாம் நூல் தூத்துக்குடித் தோணித் தொழிலையும் அதனைச் சூழ்ந்த மக்களையும் ஏறத்தாழ 20ஆம் நூற்றாண்டு முழுவதற்கும் பின்தொடர்கிறது.

'கொற்கை'யைப் பற்றி நம் வாசகர் வட்டத்தில் எழுந்த முதல் முறையீடு, அதில் ஆள் மிகுதி என்பதே. பெயர்கள் குவிகின்றன, யார் மகன் யார், எந்தத் தோணி எவருடையது என்று நினைவில் நிறுத்துவது அரிது. பேச்சுவழக்கும் கடற்சொற்களும் உள்நாட்டு வாசகரைத் திணறடிக்கின்றன. கட்டுக்கோப்பைப் பொறுத்தவரை இது குறையே. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அப்பெரியவர் அந்நூலை ஒரு மாதம் வைத்திருந்து படித்துவிட்டுத் திருப்பித் தந்தபோது, "எல்லாரும் இருக்காங்க சாமி" என்று மட்டும் சொன்னார். கல்வெட்டும் புதினமும் விட்டுவிட்ட ஆள்களை ஒருவர் விடாமல் தோணியில் ஏற்றிவிட வேண்டும் என்ற தவிப்பே அந்நூலை நிரம்பி வழியச் செய்திருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. வாடையும் கொண்டலும் கச்சானும் அங்கே அலங்காரமாக வருவதில்லை. சோறு கிடைக்குமா, கிடைக்காதா என்பதை அவை முடிவு செய்கின்றன.

இந்நூல்களில் குருக்களும் வருகின்றனர். மக்களோடு மக்களாக நின்ற நல்ல குருக்களும் உண்டு. அவ்வாறு நில்லாதவர்களைப் பற்றிய கடுமையான பக்கங்களும் உண்டு. அப்பக்கங்கள் நமக்கு உறுத்தின. முதல் வாசிப்பில் நூலை மூடிவைக்கவும் நினைத்தோம். ஆனால் கலத்தில் இருந்த அனைவரையும் எண்ணுவதென்றால் அதில் நாமும் எண்ணப்படுவோம். நாம் இருந்தவாறே எண்ணப்படுவோம். தப்பியோட நினைத்த மாலுமிகளை லூக்கா மறைக்கவில்லை. கடலோர எழுத்தாளர் ஒருவர் நம்மை மறைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

கரையில் எடுத்த பட்டியல்

இத்தனையும் இலக்கியத்தைப் பற்றிய வாதம் மட்டுமே என்று வாசகர் கருதிவிடலாகாது. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய நம் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களின் மீனவர் ஆழ்கடலில் பல வாரங்கள் தங்கித் தொழில் செய்பவர்கள். பாய்மரம் போய்ப் பொறிப்படகு வந்துவிட்டாலும், நெடுங்கடலுக்குப் புறப்படும் அந்தப் பழைய துணிவு அவர்களிடம் மாறவில்லை. புயலுக்குப் பல நாள் முன்பே கடலுக்குச் சென்றிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அன்று கரையில் எழுந்த முதல் கேள்வி, கடலில் இருப்போர் எத்தனை பேர் என்பதே. அதற்கு உறுதியான விடை எவரிடமும் இல்லை. நாளுக்கு நாள் எண் மாறிற்று.

அப்போது கடலோரப் பங்குகளில் பெயர்ப்பட்டியல்கள் எழுதப்பட்டன. எந்த வீட்டிலிருந்து யார், எந்தப் படகில், எந்த நாளில் சென்றார் என்று குருக்களும் பொதுநிலையினரும் கேட்டுக் கேட்டு எழுதினர். அப்பட்டியல்களில் அடைமொழி இல்லை, உவமை இல்லை. ஆயினும் தமிழில் எழுதப்பட்ட கடற்புறப்பாட்டு எழுத்துகளுள் லூக்காவின் அதிகாரத்துக்கு மிக அருகில் நிற்பது அதுவே என்று நாம் துணிந்து கூறுவோம். திரும்பாதவர்களின் குடும்பத்தாருக்கு இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும், ஒரு மனிதர் இருந்தார் என்பதே ஏற்கப்படுவதும் ஏற்கப்படாததும் அத்தகைய பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தன. எண்ணப்படாதவர் இறந்தவராகவும் கருதப்படுவதில்லை, இருந்தவராகவும் கருதப்படுவதில்லை. தண்டல் நங்கூரம் எடுக்குமுன் ஆளை எண்ணியது ஏன் என்பது நமக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். ஒரு பெரியவர் வந்து கேட்கும்வரை விளங்கவில்லை.

மாற்கு நற்செய்தியில் ஒரு சிறு குறிப்பு உண்டு. மாலை வேளையில் இயேசு அக்கரைக்குப் புறப்படுகிறார். அவர் இருந்த படகோடு மற்றப் படகுகளும் சென்றன என்று மாற்கு எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் இந்நிகழ்ச்சியை எழுதும்போது அப்படகுகளைக் குறிப்பிடவில்லை. புயல் எழுகிறது, சீடர் அஞ்சுகின்றனர், அவர் எழுந்து காற்றைக் கடிந்துகொள்கிறார், கடல் அமைதியாகிறது. மற்றப் படகுகள் என்னவாயின என்று மாற்கும் பிறகு சொல்லவில்லை. ஆயினும் அவை அங்கே இருந்தன என்று எழுதிவைத்தார். அமைதியான கடல் அவற்றுக்கும் அமைதியான கடலே. தங்களைக் காத்தவர் யார் என்று அறியாமலே அப்படகுகளில் இருந்தோரும் கரை சேர்ந்திருப்பர்.

வரும் டிசம்பரில் சவேரியார் திருவிழாவுக்கு நம் பங்கின் இளையோர் நாடகம் போட இருக்கின்றனர். இம்முறை மொசாம்பிக் மருத்துவமனைக் காட்சியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். ஆள் அதிகம் தேவைப்படும் என்று அவர்கள் தயங்கினர். தேவைப்படட்டும், மேடையில் இடம் இருக்கிறது. முதல் காட்சியில், கப்பல் புறப்படுமுன், ஒருவர் தளத்தில் நின்று ஏறியவரையெல்லாம் எண்ண வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். அந்தப் பாத்திரத்தை ஏற்க அப்பெரியவர் இசைந்திருக்கிறார்.